1,04,729 சொன்ன பொய்

அத்தியாயம் ஏழு

மணி மூன்று. எனக்கு முழங்கால் வலி. ஐந்து மணிக்குள் ஒரு பெண்ணைத் திருடி என்று நிரூபித்துக் கொடுத்தாக வேண்டும்.

இருபத்தாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஓடுகிற லாரியில் ஏறியிருக்கிறேன், கத்திக்குத்து வாங்கியிருக்கிறேன். கடைசியில் ஒரு மாமனாருக்காக அவருடைய மருமகளைப் பின்தொடரும் நிலைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். மூன்று நாளாகப் பின்தொடர்ந்ததில் தெரிந்தது இவ்வளவுதான்: காலையில் அச்சகத்துக்குப் பிழை திருத்தப் போகிறாள், மாலையில் அக்கா வீட்டுக்குத் திரும்புகிறாள், வழியில் யாரிடமும் பேசுவதில்லை. பின்னால் நடந்து நடந்து என் செருப்புதான் தேய்ந்தது.

"அத்தான், உக்காருங்க. நின்னுக்கிட்டே தூங்கினா குதிரைன்னு நினைச்சுக்கப் போறாங்க," என்றான் மச்சினன்.

மச்சினன் என் மனைவியின் தம்பி, என் உதவியாளன். அவனை வேலைக்கு எடுத்தது நானில்லை. அது என் வீட்டில் என்னைக் கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவு. நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, வாய் மட்டும் ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

நாங்கள் உட்கார்ந்திருந்தது 'வாய்ப்பாடு' வீட்டில். எங்களை அமர்த்திய பெரியவருக்கு மச்சினன் வைத்த பெயர் அது. அறையில் ஒரு மேஜை, ஒரு தட்டச்சு இயந்திரம், ஓர் அலமாரி. அலமாரியில் பதினொரு தடித்த பாகங்கள். ஒவ்வொரு பாகத்திலும் பத்தாயிரம் எண்கள், எண்ணுக்கு ஒரு வரி. அது ஒற்றைப்படையா இரட்டைப்படையா, பகு எண்ணா பகா எண்ணா, எதனால் வகுபடும், இலக்கங்களைக் கூட்டினால் என்ன வரும் என்று நாற்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு மனிதனுக்கு இவ்வளவு பொறுமை இருப்பது எனக்குப் பயமாகவே இருந்தது.

"பகா எண்ணுன்னா என்னன்னு தெரியுமா?" என்று எங்களைக் கேட்டார்.

"ஸ்கூல்ல படிச்சது சார்," என்றேன்.

"ஒன்னாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாதது. ஏழு, பதினொன்னு, பதிமூணு மாதிரி. வகுபட்டா அது பகு எண்."

"அப்ப நான் பகா எண்தான் சார்," என்றான் மச்சினன். "நாப்பத்திரண்டு வயசாச்சு, என்னைப் பங்கு போட இன்னும் ஒருத்தியும் வரல."

வாய்ப்பாடு சிரிக்கவில்லை. சிரிப்பு அவருடைய பட்டியலில் எந்த வகையிலும் சேராது போலிருக்கிறது. மேஜை இழுப்பறையைத் திறந்து மூன்று புத்தகங்களை எடுத்து வரிசையாக வைத்தார். மூன்று நாளாக நான் கேட்டும் காட்டாமல் வைத்திருந்தவை. ஐந்து மணி நெருங்குகிறது, என் கையிலும் ஒன்றும் சிக்கவில்லை என்பதால் வேறு வழியில்லாமல் இன்று இறங்கி வந்திருந்தார்.

"அட்டவணை போடறவங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு," என்றார். "வேணும்னே ஒரு பொய்ய எழுதி வெப்போம். அதுதான் பொறி. அந்தப் பொய் இன்னொருத்தர் புஸ்தகத்துல வந்தா, அவங்க சொந்தமா கணக்குப் போடல, நம்மளப் பாத்து எழுதினாங்கன்னு அர்த்தம். இந்தப் பதினோராவது பாகத்துக்கு நாலு பிரதி அடிச்சேன். அச்சக முதலாளிக்கு ஒன்னு, ஒரு பேராசிரியருக்கு ஒன்னு, என் மகனுக்கு ஒன்னு, மருமகளுக்கு ஒன்னு. நாலுலயும் வேற வேற இடத்துல ஒரு பொய். எது யாரோட பொறின்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

"வீட்டுக்குள்ளயுமா சார்?" என்றேன்.

"எண்ணுக்கு வீடு, வெளின்னு கிடையாது."

வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகன் தலையைக் குனிந்துகொண்டான். முப்பத்தெட்டு வயது ஆள். அப்பா பேசும்போது அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்காது.

முதல் புத்தகம் வாய்ப்பாட்டின் மூலப் பிரதி. அவர் விரல் வைத்த வரியை என் நோட்டில் எழுதிக்கொண்டேன்: *1,04,729. ஒற்றைப்படை. பகு எண். 47 × 2207. இலக்கக் கூட்டல் 23.*

இரண்டாவது, மருமகளுக்குக் கொடுத்து, அவள் சரிபார்த்துத் திருப்பித் தந்த பிரதி. அதில் அதே வரி இப்படி இருந்தது: *1,04,729. ஒற்றைப்படை. பகா எண். இலக்கக் கூட்டல் 23.* பக்கத்தில் சிவப்பு மையில் அவள் போட்ட டிக்.

மூன்றாவது, இரண்டு மாதத்துக்கு முன் வெளிவந்த வேறொரு ஆளின் புத்தகம். ஒரு கல்லூரி ஆசிரியை எழுதியது. அதில்: *1,04,729. பகா எண், வரிசையில் பத்தாயிரமாவது. 323-இன் வர்க்கமும் 20-இன் வர்க்கமும் சேர்ந்தது.*

"பாத்தீங்களா? மத்த மூணு பொறியும் அதுல இல்ல. இவளோடது மட்டும் அப்படியே வந்து உக்காந்திருக்கு," என்றார். "இன்னொன்னு கேளுங்க. பத்தாயிரமாவது பகா எண் 1,04,743. நான் ஒன்னொன்னா எண்ணினது. இவங்க புஸ்தகத்துல ஒன்னு முன்னாலயே பத்தாயிரம் வந்துடுது. ஏன்? என் பொய்யையும் சேத்து எண்ணிட்டாங்க. திருடின பொருள் கணக்குல உதைக்குது."

கச்சிதமாக இருந்தது. இவ்வளவு கச்சிதமான வழக்கை நான் எப்போதுமே நம்புவதில்லை.

"அவங்க இந்தத் தப்பக் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்களா? பிழை திருத்தறது அவங்க தொழிலாச்சே?"

"அதத்தான் நானும் கேக்கறேன். ஒரு புள்ளி தவறினாக்கூட அவ கண்ணுக்குத் தெரியும். இதே பாகத்துல பத்தொன்பது தப்பு பிடிச்சிருக்கா. இதுக்கு மட்டும் டிக். உக்காந்து நகல் எடுத்துக்கிட்டிருந்தவளுக்குச் சரி பாக்க நேரம் ஏது?"

"அவங்ககிட்ட இந்த எண்ணைக் காட்டிக் கேட்டீங்களா?"

"காட்டுவேனா? பொறி எதுன்னு தெரிஞ்சா அடுத்த பாகத்துல உஷாராயிடுவா. 'உன் பிரதியிலேருந்து போயிருக்கு, ஒத்துக்கோ'ன்னு மட்டும் சொன்னேன். அன்னிக்கே அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டா."

அதாவது, என்ன திருடினோம் என்றே தெரியாமல் ஒருத்தி பன்னிரண்டு நாளாகத் திருடியாக இருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. கோபப்படவும் தெம்பு வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

"அஞ்சு மணிக்கு அவங்க அக்கா கூட்டிட்டு வராங்க," என்று மகன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "அப்பா சொல்றது நிஜம்னா நான் அவளத் திரும்பக் கூப்பிடறதா இல்ல. இன்னியோட முடிஞ்சுடும்."

பதினொரு வருட வாழ்க்கை முடிந்துபோகும் என்பதை, பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னான்.

---

அக்கா வீடு நான்காவது மாடி. லிஃப்டின் கதவில் ஓர் அட்டை தொங்கியது. அதில் எழுதியிருந்ததைப் படிக்காமலே படியேறத் தொடங்கினேன்.

"அத்தான், ஒவ்வொரு மாடிக்கும் இருபது படி. இது ஒற்றைப்படையா இரட்டைப்படையா?"

"வாய மூடிட்டு ஏறு."

"கோபமா? அப்ப வகுபடாத மூடுல இருக்கீங்க."

கதவைத் திறந்தது அக்காக்காரி. கழுத்தில் அளவு நாடா, வாயோரத்தில் இரண்டு குண்டூசி. பின்னால் தையல் இயந்திரமும், வெட்டிப் போட்ட துணிகளும்.

"உங்களுக்கு என்ன வேணும்? மூணு நாளா தெருமுனையில நிக்கறீங்க. கீழ்வீட்டுக்காரங்க என்னமோ ஏதோன்னு என்னை விசாரிக்கறாங்க."

பின்தொடர்ந்தது அவ்வளவு ரகசியமாக நடந்திருக்கிறது. "அஞ்சு நிமிஷம்மா," என்றேன். என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது, ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள்.

மருமகள் துணிகளை ஒதுக்கி எங்களுக்கு இடம் செய்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பொடி எழுத்தையே பார்த்துப் பார்த்துக் கண்ணைச் சுருக்கும் பழக்கம் வந்திருந்தது. பன்னிரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பதைச் சொல்லத் துப்பறிவாளன் தேவையில்லை.

"அந்தப் பிரதிய நீங்க யாருக்காவது குடுத்தீங்களாம்மா? இல்ல காட்டினீங்களா?"

"இல்ல சார்."

"இதே கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும்."

"யாரும் கேக்கல சார். நீங்கதான் முதல்ல கேக்கறீங்க. மத்தவங்க எல்லாம் 'ஏன் குடுத்தே'ன்னுதான் கேட்டாங்க."

மச்சினன் தண்ணீர் டம்ளரைத் தானாகவே என் பக்கம் நகர்த்தி வைத்தான். அபூர்வம்.

"நீங்க எப்படிச் சரி பாப்பீங்க?"

"அவர் போட்டத நம்பி டிக் அடிக்க மாட்டேன். பகு எண்ணுன்னு எழுதியிருந்தா, பக்கத்துல போட்ட எண்களப் பெருக்கிப் பாப்பேன். பகா எண்ணுன்னு எழுதியிருந்தா கஷ்டம். எதாலயும் வகுபடலன்னு நானே தனியா வகுத்துப் பாக்கணும். சாயங்காலம் சமையல் முடிச்சிட்டு உக்காருவேன். ஒரு நாளைக்கு ஒரு எண்ணு முடிஞ்சா பெரிசு."

"அதுக்கு நோட்டு வெச்சிருக்கீங்களா?"

அவள் கட்டிலடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தாள். புடவை இருக்கும் என்று நினைத்தேன். நோட்டுகள் இருந்தன. வீட்டை விட்டுக் கிளம்பியவள் எடுத்து வந்தது இதைத்தான். எண்ணுக்கு ஒரு பக்கம் என்று எண்ணூற்றுச் சொச்சம் பக்கங்கள்.

"நானே பாத்துக்கறேன்," என்றேன். எண்ணைச் சொல்ல மாட்டேன் என்று வாய்ப்பாட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எதையோ தேடாததுபோல நாலைந்து நோட்டைப் புரட்டி, 1,04,729 இருந்த பக்கத்துக்கு வந்தேன்.

பக்கம் முழுக்க வகுத்தல். மூன்றால் வகுத்து மிச்சம், ஏழால் வகுத்து மிச்சம், பதினொன்றால் வகுத்து மிச்சம் என்று கீழே இறங்கிக்கொண்டே போனது. கடைசி வரி 317. மிச்சம் 119. அதன் அடியில் சிவப்பு டிக்.

"இதோட நிறுத்திட்டீங்களே?"

"இந்த அளவு எண்ணுக்கு அது போதும் சார். பாத்ததுமே போகாதுன்னு தெரியற ரெண்டையும் அஞ்சையும் சேத்தா அறுபத்தாறு பகா எண்ணால வகுக்கணும். அதுல எதுவுமே போகலன்னா அது பகா எண்தான். அதுக்கு மேல தேட வேண்டியதில்ல."

என் கண் நடுவில் ஒரு வரியில் நின்றது. *47: 2228 தடவை, மிச்சம் 13.*

என் பையிலிருந்த நோட்டில் வாய்ப்பாட்டின் வரி இருந்தது. 47 × 2207. மிச்சமே இல்லாமல்.

---

மூன்றாவது மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் ஒரு காரணம்.

"அத்தான், என் அபிப்பிராயம் சொல்லவா? திருடறவங்க இவ்ளோ உழைக்க மாட்டாங்க. இவ்ளோ உழைக்கறவங்க திருட மாட்டாங்க."

"அபிப்பிராயத்த வெச்சு அந்த ஆள்கிட்ட ஒன்னும் செய்ய முடியாது. நாப்பத்தேழு போகும்னு அவர் சொல்றார். போகாது, பதிமூணு மிச்சம்னு இந்தம்மா சொல்றாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் தப்பு."

பென்சிலை எடுத்து 47-ஐயும் 2207-ஐயும் பெருக்கினேன். ஒரு விடை வந்தது. இன்னொரு தடவை பெருக்கினேன், வேறொரு விடை வந்தது. எனக்கு மூன்றாவதாக ஒரு கட்சி ஆரம்பிக்கத் தெம்பில்லை.

"தள்ளுங்க," என்றான் மச்சினன். "ஸ்கூல்ல நான் கணக்கே போட்டதில்ல. பக்கத்துல உக்காந்தவன் போட்டதக் காப்பி அடிப்பேன். அதுலயும் ஒரு ஆபத்து இருக்கு, அவன் தப்பா போட்டிருந்தா ரெண்டு பேருக்கும் அடி விழும். அதனால கணக்குப் போடாமலே அவன் விடை தப்பான்னு பாக்க ஒரு வழி கத்துக்கிட்டேன்."

"கணக்குப் போடாமலேயா?"

"அதான் சொகமே. நாப்பத்தேழு. நாலும் ஏழும் பதினொன்னு. அதையும் கூட்டுங்க, ஒன்னும் ஒன்னும் ரெண்டு. அடுத்தது 2207. ரெண்டு, ரெண்டு, ஏழு, பதினொன்னு. இதுவும் ரெண்டு. இப்ப ரெண்டையும் ரெண்டையும் பெருக்குங்க."

"நாலு."

"விடையில இலக்கத்தக் கூட்டினாலும் நாலுதான் வரணும். ஒத்து வந்தா விடை சரின்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஒத்து வரலன்னா தப்பு, அதுல சந்தேகமே இல்ல."

கூட்டவே வேண்டியிருக்கவில்லை. வாய்ப்பாடு தன் கையாலேயே அந்த வரியில் எழுதி வைத்திருந்தார். இலக்கக் கூட்டல் 23. இரண்டும் மூன்றும் ஐந்து.

"அஞ்சு வருதுடா," என்றேன்.

"அப்ப அந்தப் பெருக்கல் தப்பு அத்தான். எங்க ஸ்கூலா இருந்தா இந்நேரம் முட்டி போட்டிருப்பாரு."

சுவரில் சாய்ந்தேன். விஷயம் மெதுவாகத்தான் மண்டைக்குள் இறங்கியது. இறங்கியதும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நாற்பது வருடமாக உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத ஒரு மனிதர் முன்னால் போய் நின்று இதைச் சொல்ல வேண்டியவன் நான்.

"என்ன அத்தான், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"கை குடு. எழுந்திருக்கணும்."

---

ஐந்து மணிக்கு அந்த அறையில் ஆறு பேர். வாய்ப்பாடு மேஜைக்குப் பின்னால். மகன் அதே ஸ்டூலில். மருமகளும் அக்காவும் வாசலுக்கு உள்ளே இரண்டடி தள்ளி நின்றார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மச்சினன் தன் நாற்காலியை அக்காவிடம் நகர்த்தினான். அவள் உட்காரவில்லை.

"கிடைச்சுதா?" என்றார் வாய்ப்பாடு.

"கிடைச்சுது சார். அதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை. 47-ஐயும் 2207-ஐயும் பெருக்கிச் சொல்லுங்க. இங்கயே, சத்தமா."

அவர் முகம் சிவந்தது. "இவ முன்னால அதச் சொல்லக் கூடாதுன்னு..."

"இனிமே அதுல ரகசியம் ஒன்னும் இல்ல சார். பெருக்குங்க."

நான் பரீட்சை வைக்கிறேன் என்பது அவருக்கு அவமானமாக இருந்தது. அதனாலேயே வேகமாகத் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"ரெண்டாயிரத்து இருநூத்தியேழ ஏழால பெருக்கினா பதினஞ்சாயிரத்து நானூத்தி நாப்பத்தொன்பது. நாப்பதால பெருக்கினா எண்பத்தெட்டாயிரத்து இருநூத்தியெண்பது. கூட்டணும். ஒன்பதும் சைபரும் ஒன்பது. நாலும் எட்டும் பன்னெண்டு, ரெண்டு போட்டு மிச்சம் ஒன்னு. நாலும் ரெண்டும் ஆறு, மிச்சத்தோட ஏழு. அஞ்சும் எட்டும் பதிமூணு, மிச்சத்தோட..."

பேனா நின்றது.

"எந்த மிச்சம் சார்?" என்றான் மச்சினன். கேலியே இல்லாமல் கேட்டான்.

பன்னிரண்டில் மிச்சமான அந்த ஒன்றை அவர் ஏற்கெனவே ஏழில் சேர்த்துவிட்டார். என்றோ ஒருநாள் அதே ஒன்றை அடுத்த இலக்கத்திலும் இன்னொரு தடவை சேர்த்திருக்கிறார். பதிமூன்று பதினான்காகிவிட்டது. தாளில் இப்போது 1,03,729 இருந்தது. அவருடைய புத்தகத்தில் 1,04,729.

"சார், மருமகளோட பிரதியில பொய் எழுதணும்னு நினைச்சீங்க. பகு எண்ணுன்னு நீங்க நம்பின ஒன்ன எடுத்து, பகா எண்ணுன்னு மாத்தி எழுதினீங்க. அது நிஜமாவே பகா எண். பொய்யின்னு நினைச்சு நீங்க எழுதினது உண்மை. அந்தக் கல்லூரி அம்மா சொந்தமா கணக்குப் போட்டு அதே உண்மைக்கு வந்திருக்காங்க. யாரும் யார்கிட்டேருந்தும் எதையும் எடுக்கல."

அக்காக்காரி "கடவுளே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

வாய்ப்பாடு அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. "பெருக்கல்ல ஒரு தப்பு, சரி. அதனால அது பகா எண்ணாயிடுமா? நாப்பத்தேழு இல்லன்னா வேற எதாலயாவது வகுபடலாமே?"

"வகுபடாது மாமா," என்றாள் மருமகள். அந்த அறைக்குள் வந்து அவள் பேசிய முதல் வார்த்தை. "ஒரு லட்சத்து நாலாயிரத்து எழுநூத்தி இருபத்தொன்பதுதானே? அறுபத்தாறையும் போட்டேன். ரெண்டு தடவை போட்டேன்."

நான் அவளிடம் கேட்டு வாங்கி வந்திருந்த நோட்டை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. கல்லூரி ஆசிரியையின் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரியைப் படித்தார். உதடு அசைந்தது.

"323-இன் வர்க்கமும் 20-இன் வர்க்கமும்," என்றார் மெதுவாக. "ஒரு எண்ணு நாப்பத்தேழால ஒரே ஒரு தடவை மட்டும் வகுபட்டா, அது இப்படி ரெண்டு வர்க்கமா பிரியவே பிரியாது. எனக்குத் தெரியும். இந்த வரிய இருபது தடவை படிச்சிருக்கேன். ஆள் யாருன்னு பிடிக்கற அவசரத்துல கண்ணுல படல."

"பத்தாயிரமாவது எண்ணும் அப்படித்தான் சார். அவங்க எண்ணிக்கையில ஒன்னு கூடலன்னு நினைக்கறேன். உங்க எண்ணிக்கையிலதான் ஒன்னு குறையுது," என்றேன்.

சொல்லியிருக்க வேண்டாம். 1,04,743 அவருக்குப் பத்தாயிரமாவது இல்லை என்றானது. அதற்குப் பின்னால் வந்த ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அவர் போட்ட வரிசை எண் தப்பு. அவர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அலமாரியிலிருந்து மருமகள் பக்கம் திரும்பினார். "நீ அன்னிக்கே கண்டுபிடிச்சிருக்கே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்வேன் மாமா? பகா எண்ணுன்னு நீங்க எழுதியிருந்தீங்க. நான் போட்டுப் பாத்தேன், பகா எண்தான். சரியா இருந்துது, டிக் அடிச்சேன்." அவள் குரல் அதுவரை நிதானமாக இருந்தது. "என் பிரதியில மட்டும் நீங்க மாத்தி எழுதாம இருந்திருந்தா, 47-ம் 2207-ம் என் கண்ணுல பட்டிருக்கும். பெருக்கிப் பாத்து அன்னிக்கே 'தப்பு மாமா'ன்னு சொல்லியிருப்பேன். மத்த மூணு பிரதியிலயும் அது அப்படியேதான் இருந்துது. அவங்கள்ல யாராவது பெருக்கிப் பாத்தாங்களா?"

மகனிடம் இருந்ததும் அந்த மூன்றில் ஒன்று. ஸ்டூலில் அவன் நெளிந்தான்.

"விடும்மா. தெரியாம நடந்து போச்சு," என்றான். "உன் துணியெல்லாம் போய் எடுத்துட்டு வந்துடலாம். வா."

அவள் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. "பன்னெண்டு நாள்ல ஒரு தடவை வந்து 'நீயா செஞ்சே'ன்னு கேட்டிருக்கலாம். இவரு யாரோ எவரோ. படியேறி வந்ததும் அதத்தான் கேட்டாரு."

பிறகு மாமனாரிடம் திரும்பினாள்.

"மாமா, அடுத்த பாகத்துக்கும் எனக்குன்னு ஒரு பொய் எழுதுவீங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அவர் மூலப் பிரதியைப் பார்த்தார், அவளுடைய நோட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லிவிடுங்கள் ஐயா என்று மனதுக்குள் கெஞ்சினேன். மச்சினனும் கெஞ்சியிருப்பான், அவன் முகம் அப்படி இருந்தது.

"அது... நாப்பது வருஷ வழக்கம்மா," என்றார்.

அவள் தலையாட்டினாள். மேஜைக்கு வந்து தன் நோட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "போலாம்க்கா," என்றாள். இரண்டு பேரும் படியிறங்கும் சத்தம் கேட்டது. மகன் எழுந்து வாசல் வரை போனான், அப்பாவைத் திரும்பிப் பார்த்தான், அங்கேயே நின்றான்.

வாய்ப்பாடு பேனாவை எடுத்து மூலப் பிரதியில் 'பகு எண்' என்பதை அடித்தார். 47-ஐ அடித்தார், 2207-ஐ அடித்தார். மேலே 'பகா எண்' என்று எழுதினார். எழுதிவிட்டு, சிவப்பு மைப்புட்டியைத் தேடினார். சரிபார்த்தவர் டிக் போட வேண்டிய இடம் அந்த வரிக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. அவர் கை அதற்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது.

"இத அவதான் போடணும்," என்றார் எங்களிடம், நாங்கள் ஏதோ செய்ய முடியும் என்பதைப் போல.

நான் மச்சினனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவன் படி முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் என்னோடு இறங்கினான்.